இரண்டாவது ஆள் அறைக்குள் வந்தால்

அலுவலகத்தில் அவருக்கு இரண்டு பெயர்கள். முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'ஏற்கெனவே'. காப்புரிமை அலுவலகத்தில் ஆய்வாளர் வேலை. யாராவது, 'புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன், இனி இதை என்னைக் கேட்காமல் யாரும் செய்யக் கூடாது, அந்த உரிமையை எனக்குக் கொடுங்கள்' என்று விண்ணப்பம் போட்டால், அது நிஜமாகவே புதிதுதானா என்று உலகத்தையே சல்லடை போட்டுச் சலித்துச் சொல்ல வேண்டியவர். பெரும்பாலும் புதிதாக இருக்காது. எங்கோ ஒரு மூலையில் எவனோ ஒருவன் அதை என்றைக்கோ செய்து பார்த்து, போதாக்குறைக்கு எழுதியும் வைத்துத் தொலைத்திருப்பான். அவனைத் தோண்டியெடுத்து மேசைமேல் உட்கார வைப்பதில் நம்மவரை மிஞ்ச ஆள் கிடையாது.

கிடைத்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று உரசிக்கொள்வார். அந்தச் சத்தம் கேட்டால் அடுத்த மேசையில் இருக்கும் ரசாயனப் பிரிவு மேடம் தலையைத் தூக்காமலே, "போச்சு, ஒருத்தர் கதை முடிஞ்சது" என்பார். இவருக்கு யார்மீதும் வன்மம் கிடையாது. தேடினேன், கிடைத்தது என்ற சந்தோஷம், அவ்வளவுதான். அடுத்தவர் வயிற்றெரிச்சலில் வருகிற சந்தோஷம் என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறவே இல்லை.

அவருடைய பிரிவுக்கு வருவதெல்லாம் திரை சமாச்சாரம். படமோ பாட்டோ செய்தியோ பார்க்கிறவர் யாரென்று தெரிந்துகொண்டு, அவருக்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொள்ளும் திரைகள். பார்ப்பவர் கண்ணைச் சுருக்கினால் எழுத்தைப் பெரிதாக்குகிற திரை, கை நடுங்கினால் பொத்தான்களைத் தள்ளித் தள்ளி வைக்கிற திரை, குழந்தை வந்து உட்கார்ந்தால் சண்டைப் படங்களை எல்லாம் நைசாகப் பின்னால் தள்ளிவிடுகிற திரை. மனிதர்களே அனுசரித்துப் போகாத காலத்தில் இயந்திரங்களுக்கு இத்தனை இங்கிதமா என்று மேடம் கேலி செய்வார். இவர் சிரிக்க மாட்டார். அந்த இங்கிதமும் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருப்பார்.

வேலையை அலுவலகத்தோடு விட்டுவிட்டு வந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. மனிதர் அதை வீட்டுக்கும் சுமந்துகொண்டு வந்தார். மனைவி ஆசையாகத் திரைச்சீலை வாங்கி மாட்டினால், "இதே மாதிரி உங்க அக்கா வீட்ல ஏற்கெனவே பார்த்தோமே" என்பார். அந்த அம்மாள் கல்யாணமான புதிதிலேயே இதற்கு மருந்து கண்டுபிடித்துவிட்டாள். "அப்போ அங்கயே போய்ப் பாத்துக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

மகளுக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. அவள் செருப்புக் கடையொன்றில் கண்ணாடி அலமாரி ஜோடிக்கிறவள். மாலையில் வீட்டுக்கு வந்தால் களிமண்ணில் பொம்மை செய்து, இம்மி இம்மியாக நகர்த்திப் படம் பிடித்து, அவற்றைக் கோத்து ஓடவிடுவாள். முதல் படத்தை முடித்ததும் ஓடி வந்து அப்பாவுக்குத்தான் காட்டினாள். வீடு தேடி அலையும் ஒரு நத்தையின் கதை. இவர் ரசித்துத்தான் பார்த்தார். பார்த்து முடித்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. "இந்த மாதிரி ஏற்கெனவே வந்திருக்கும்மா" என்றார். சொன்னதோடு விட்டாரா? அன்றைக்கே தேடிப் பிடித்து மூன்று நத்தைப் படங்களின் இணைப்புகளை அவளுக்கு அனுப்பியும் வைத்தார். உபகாரம் செய்கிறோம் என்ற நினைப்பு.

மகள், "ஓ" என்றாள். அதற்குப் பிறகு எதையும் காட்டவில்லை. இவர் அறைக்குள் நுழைந்தால் மடிக்கணினியின் மூடி பாதி இறங்கும். பக்கத்தில் ஏதாவது பொம்மை இருந்தால் அதன்மேல் துணி விழும். "என்னம்மா, எப்படிப் போகுது?" என்று கேட்டால், "போகுதுப்பா" என்று பதில் வரும். முகம் கழுவும் தொட்டியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் களிமண் துணுக்கைப் பார்த்துத்தான் அவள் புதிதாக எதிலோ இறங்கியிருக்கிறாள் என்று இவர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உள்ளுக்குள் அது அவரை அரித்தது. அவள் தானாக வந்து, 'அப்பா, இதைப் பாருங்க' என்று இன்னும் ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்றுதான் தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் அந்த விண்ணப்பம் மேசைக்கு வந்தது. ஒருவர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவது ஆள் அறைக்குள் வருகிறார். உடனே திரை, முதல் ஆளுக்கு மட்டுமே உரியவற்றை, அவர் என்ன பார்த்தார், எதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார் என்பதை எல்லாம், சத்தமில்லாமல் மறைத்துக்கொண்டு, இருவருக்கும் பொதுவான முகத்தைக் காட்டும். விஷயம் இவ்வளவுதான்.

நம்மவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். கிடைக்கவில்லை. ஆள் வருவதைக் கண்டுகொள்ளும் கருவி இருந்தது, ஆளுக்கொரு முகம் காட்டும் திரை இருந்தது. வந்தவரைப் பார்த்ததும் இருந்தவருடையதை ஒளித்துவைக்கிற திரை மட்டும் எங்குமே இல்லை. வீட்டில் அதே காரியத்தை மடிக்கணினி மூடியை வைத்து ஒருத்தி தினமும் செய்கிறாள் என்பது அவர் தேடிய இடங்களில் எதிலும் பதிவாகியிருக்கவில்லை.

"என்ன சார், கை தேய்க்கிற சத்தமே காணோம்?" என்றார் மேடம்.

"புதுசா இருந்தா மட்டும் போதாதும்மா. துறை தெரிஞ்ச எவனுக்கும் சுலபமாத் தோணக்கூடியதா இருந்தா உரிமை குடுக்க முடியாது. இருக்கற ரெண்டைச் சேர்த்து ஒட்டியிருக்கான். இத்தனை நாள் ஒருத்தரும் ஏன் ஒட்டலைன்னா, யாருக்கும் அது தேவைப்படல. ஒரு குடும்பத்துல டிவில ஒளிச்சு வைக்க என்ன இருக்கு?"

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷமாச்சு சார்?"

இவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுப்பை எழுதி, அனுப்புவதற்குத் தயாராக வைத்துவிட்டார்.

மறுநாள் அலுவலகத்தில் ஏசி பழுதாகி, மதியத்துக்கு மேல் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் யாருமில்லை. மனைவி பல் டாக்டரிடம் போயிருந்தாள், மகள் கடையில் இருந்தாள். சட்டையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்து தொலைக்காட்சியைப் போட்டார். மனைவி தன் கணக்கிலிருந்து வெளியே வராமல் அப்படியே விட்டுப் போயிருந்தாள். திரையின் உச்சியில், இருப்பதிலேயே பெரிய கட்டத்தில், 'மீண்டும் பார்க்க' என்ற எழுத்துக்கு மேலே ஒரு களிமண் ஆசாமி உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, சட்டைப் பையில் இரண்டு பேனா. அந்த அம்மாள் அதைப் போட்டுப் போட்டுப் பார்த்திருந்ததால், திரையும் பாவம், இவளுக்கு இதுதான் உயிர் என்று முடிவுகட்டி மேலே தூக்கி வைத்துவிட்டது.

என்னவோ விளம்பரம் என்று நினைத்து அழுத்தினார்.

அறை முழுக்க இழுப்பறைகள். நடுவில் அந்தக் களிமண் ஆசாமி. ஒரு சிறுமி ஆறு கால் பூனை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாள். ஆசாமி ஓர் இழுப்பறையை இழுக்கிறார். உள்ளே ஆறு கால் பூனை. இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று உரசிக்கொள்கிறார்.

இவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் யார் அந்த ஆசாமி என்று உறைத்துவிட்டது. சிரிப்பு பாதியிலேயே நின்றது.

சிறுமி, உள்பக்கம் மழை பெய்கிற குடை ஒன்றைக் கொண்டுவருகிறாள். அதுவும் ஓர் இழுப்பறையில் இருக்கிறது. இறக்கை முளைத்த செருப்பைக் கொண்டுவருகிறாள். அதுவும் இருக்கிறது. பிறகு அவள் வருவதில்லை. ஆசாமி வாசலில் போய் நிற்கிறார். உள்ளே வருகிறார், மறுபடி போய் நிற்கிறார். கடைசியில் ஓர் இழுப்பறையைத் திறக்கிறார். அதில் ஒன்றுமில்லை. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். படம் முடிந்தது. அடியில் மகளின் பெயர்.

வேறு அப்பாவாக இருந்தால் கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? எழுந்து போய்த் தன் மடிக்கணினியை எடுத்து வந்து, இந்த மாதிரிப் படம் ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார். கெட்ட எண்ணம் இல்லை, பழக்கதோஷம். களிமண், இழுப்பறை, தேடும் கிழவன் என்று தெரிந்த எல்லா வழியிலும் தேடினார். வெயில் இறங்கும்வரை தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்று அவர் குதூகலப்பட்டது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்த மனைவி திரையைப் பார்த்ததும் பல்வலியையே மறந்துவிட்டாள்.

"ஐயையோ, பாத்துட்டீங்களா? எனக்கு மட்டும்னு அனுப்பிட்டு, உங்ககிட்ட காட்ட மாட்டேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா அவ! சனிக்கிழமை ஒரு சின்ன அரங்குல போடறாங்க. உங்களைக் கூப்பிடலாமா வேணாமான்னு அதுலயே மண்டையைக் குடைஞ்சுக்கிட்டு இருக்கா. தயவுசெஞ்சு வாயைத் திறக்காதீங்க."

"திறக்கல" என்றார்.

மறுநாள் காலை அலுவலகத்தில் முதல் வேலையாகத் தான் எழுதிய மறுப்பை எடுத்து அழித்தார். மேடத்துக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "என்ன சார், குடுக்கப் போறீங்களா?"

"தேவை இருக்கும்மா. இருந்தும் யாருக்கும் தோணாம போயிருக்கு. அப்போ சுலபமாத் தோணக்கூடியதுன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?"

"திடீர்னு யாருக்கு சார் தேவை வந்துச்சு?"

"எங்க வீட்ல ரெண்டு பேருக்கு."

"உங்களுக்கு?"

"என்னைக் கேட்டா, அந்தத் திரை எங்க வீட்டுக்கு வரவே கூடாது" என்று சொல்லிவிட்டு, உரிமை கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நியாயம் வேறு, சொந்தக் கவலை வேறு. அந்த விஷயத்தில் மனிதர் சொக்கத் தங்கம்.

வாயைத் திறக்காமல் இருப்பது மட்டும் அன்று இரவுச் சாப்பாடு வரைதான் முடிந்தது. மகள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவருக்கு நாக்கு துறுதுறுத்தது. இவ்வளவு நல்ல சேதியை எவ்வளவு நேரம்தான் வயிற்றுக்குள் வைத்திருப்பது?

"தேடிப் பாத்தேன்மா. எங்கயும் இல்ல" என்றார்.

மனைவியின் கை அந்தரத்தில் நின்றது. மகள் நிமிர்ந்தாள். "எது இல்ல?"

"உன் படம். அம்மா மேல தப்பில்ல, டிவி காட்டிக் குடுத்திருச்சு. பாத்தேன். பாத்துட்டு சாயங்காலம் வரைக்கும் உக்காந்து தேடினேன். அந்த மாதிரி ஒண்ணுகூடக் கிடையாது. ஒண்ணே ஒண்ணுகூட!" பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிவிட்டவர்போல முகமெல்லாம் பூரிப்பாகப் பார்த்தார்.

"படத்தைப் பாத்துட்டு உக்காந்து தேடினீங்களா?"

"பின்ன? ஒரு இடம் விடல."

"அப்பா, அந்தப் படமே அதைப் பத்தித்தான்!"

நாற்காலி பின்னால் நகர்ந்தது. அவள் அறைக் கதவு சாத்திக்கொண்டது. இவர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். தான் சொன்னதைத் தானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் தெரிந்தது.

"நான் என்ன சொன்னேன்?" என்றாள் மனைவி. பிறகு அந்த முகத்தைப் பார்த்து அவளுக்கே பொறுக்கவில்லை. "போங்க. போய்ப் பேசுங்க. தேடினது, கிடைச்சது, கிடைக்காததுன்னு எதுவும் வேணாம். மனுஷன் மாதிரி பேசுங்க."

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார். மகள் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பிடிச்சுதா, இல்லையா?"

அவர் நின்றது நின்றபடி விழித்தார். இத்தனை வருட உத்தியோகத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. புதிதா, பழையதா, செல்லுமா, செல்லாதா என்று கேட்டிருக்கிறார்கள். பிடித்ததா என்று கேட்டதில்லை. கையை உரசப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"முதல்ல சிரிச்சேன்" என்றார் மெதுவாக. "அப்புறம் அந்தாளு வாசல்ல போய் நிக்கறான் பாரு, அங்க எனக்கு என்னமோ பண்ணிடுச்சு. அவன் பாவம்மா. அந்தப் பொண்ணு கொண்டு வர்றதெல்லாம் அவனுக்குப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். அதைச் சொல்ற வழிதான் அவனுக்குத் தெரியல."

மகள் திரும்பினாள். "பிடிக்கும்னு அவளுக்கு எப்படிப்பா தெரியும்?"

"தெரியாதுதான்" என்றார்.

மகள் மடிக்கணினி மூடியின் விளிம்பில் ஒட்டியிருந்த களிமண்ணை நகத்தால் சுரண்டினாள். பிறகு அவள், "கடைசிக் காட்சியை மாத்திடலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள். "அந்தப் பொண்ணு திரும்பி வர்ற மாதிரி. நீங்க வந்து பாத்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு."

"மாத்தாதே."

"ஏன்?"

"அவ திரும்பி வர்றதும் வராததும் அந்தாளு நடந்துக்கற விதத்துல இருக்கு. நீயா அவனுக்காகப் பரிதாபப்பட்டு அவளை இழுத்துட்டு வராதே. அவன் கொஞ்சம் அந்தக் காலிப் பெட்டியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கட்டும். அது அவனுக்கு வேணும்."

மகள் அவரையே பார்த்தாள். பிறகு மேசைக்கு அடியிலிருந்த முக்காலியைக் காலால் நெம்பி அவர் பக்கம் தள்ளினாள். கணினியை இருவருக்கும் நடுவில் திருப்பி வைத்தாள்.

"அப்பா, இதைப் பாருங்க" என்றாள்.

படம் ஓடத் தொடங்கியது. அவள் திரையைப் பார்க்கவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, ஆரம்பம் முதல் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது தெரிந்ததும் மனிதருக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்றே புரியவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் கண் கலங்கினார், கலங்க வேண்டிய இடத்தில் சிரித்து வைத்தார். அவள் எதையும் திருத்தவில்லை. படம் முடிந்ததும் எதுவும் கேட்காமல் மறுபடி முதலிலிருந்து போட்டாள்.