வேப்பிலைத் தோரணமும் தொலைபேசிக் கம்பியும்

கணினியின்மீது அப்பாவுக்கு மதிப்பும் இருந்ததில்லை, பகையும் இருந்ததில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளின் கம்ப்ரசர்களைத் திருச்செங்கோட்டுப் பட்டறை ஒன்றில் பழுது பார்த்துவந்தவர் அவர். டீசல் குடிக்காத, புகை விடாத ஒன்றை இயந்திரம் என்று ஒப்புக்கொள்வதில் அவருக்குச் சிறிது தயக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

மல்லசமுத்திரத்துக்கு அருகிலிருந்த எங்கள் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தவர் சித்தப்பா. பொறியியல் முடித்து வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்த அவர், உறுப்புகளைத் தனித்தனியாக வாங்கிவந்து தாமே பூட்டியிருந்தார். தொலைபேசிக் கம்பி வழியாகவே இணையம் வந்த காலம். மோடம் எண்ணை அழைத்து, கீச்சிட்டு, இரைந்து, மனம் வைத்தால் இணையும். அது கம்பியைப் பிடித்திருக்கும் நேரம் முழுவதும் வெளியிலிருந்து யார் அழைத்தாலும் எங்கள் எண் பிசியாகவே இருக்கும். ஆகவே மின்னஞ்சலைப் பார்த்த கையோடு இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும் என்பது அப்பா இட்ட ஒரே சட்டம்.

அந்தப் பங்குனியில் மாரியம்மன் பண்டிகைக்குப் பூவோடு என்னும் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டு அப்பா காப்புக் கட்டியிருந்தார். கையில் அந்த மஞ்சள் கயிறு ஏறிவிட்டால், பண்டிகை முடிந்து அவிழ்க்கும்வரை ஊரெல்லையைத் தாண்டக் கூடாது. காப்புக் கட்டிய மறுநாள், புதுச்சத்திரத்துக்கு அருகே நெடுஞ்சாலையில் சித்தப்பாவின் வண்டிமீது லாரி மோதியது. தலையில் அடி. சேலத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அம்மா புறப்பட்டுப் போனார். அப்பா எல்லைக்கல் வரை அவருடன் நடந்துவிட்டுத் திரும்பிவந்தார். காப்பை அறுத்துவிட்டுப் போகலாம் என்று சிலர் சொல்லத்தான் செய்தார்கள். ஆத்தாளுக்குக் கொடுத்த வாக்கை இன்று முறித்தால் அது யார் தலையில் விடியும் என்று அப்பா திருப்பிக் கேட்டார்.

மறுநாள் நண்பகலுக்கு அறுவைச் சிகிச்சை என்று தகவல் வந்தது. அது முடிந்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்று மருத்துவர் கூறியிருந்தார். முடிந்ததும் அம்மா தொலைபேசியில் அழைப்பார்.

அன்று காலை முழுவதும் உறவினர்கள் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். மணி ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் அப்பா எழுந்து நின்றார். ஆனால் எடுத்துப் பேசியவர் அத்தை. அப்பாவின் தங்கையான அவர் எங்களுக்குச் சமைத்துப் போட வந்திருந்தார். நண்பகல் கடந்ததும் அப்பா என்னை அழைத்துக் கணினிக்கு முன்னால் உட்காரவைத்தார்.

"உங்க சித்தப்பனுக்கு பெங்களூர் கம்பெனிலருந்து மெயிலு வரோணும்னு சொல்லீட்டிருந்தானல்ல, வந்துருச்சான்னு பாரு சாமி. அவன் வந்து கேட்டா சொல்லோணும்."

நான் இணைத்துப் பார்த்தேன். மோடம் எண்ணை அழைத்தது, மறுமுனை எடுத்தது, கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதாகத் திரையில் எழுத்து வந்த கணமே அறுந்தது. மறுபடியும் அப்படியே. சித்தப்பா கற்றுத்தந்திருந்தபடி எல்லாவற்றையும் அணைத்துச் சிறிது பொறுத்துப் போட்டேன். பொறுத்திருக்கும் அந்த இடைவெளி அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "அணைக்காத. அப்படியே மறுக்கா போடு" என்றார்.

என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து, கண்களை மூடி மோடத்தின் இரைச்சலைக் கேட்டார். பட்டறையில் கம்ப்ரசரை அப்படித்தான் கேட்பார்.

"ஓடறது சரியாத்தான் ஓடுது. இழுக்கத்தான் மாட்டீங்குது" என்றார்.

அதில் எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பா முதன்முறையாக அதை ஓர் இயந்திரமாக மதித்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன். கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாக அழித்து மீண்டும் அடித்தேன். மோடத்தின் பின்னால் செருகியிருந்த கம்பியைப் பிடுங்கி, ஊதி, செருகினேன். செருகி முடிப்பதற்குள் "ஆச்சா, ஆச்சா" என்று அப்பா கேட்டுவிட்டார். அவருடைய மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது.

அத்தை அடுப்படியிலிருந்து வந்து நின்றார்.

"ஏனுங்ணா, அண்ணி கூப்புட்டா எப்புடீங்க கேக்கும்? அந்தக் கருமத்தச் சித்த நேரம் நிறுத்தி வெய்யுங்க."

"ஒரு நிமிசம். இப்ப ஆயிரும்."

"காலைல இருந்து தண்ணிகூட வாயில ஊத்துல நீங்க. கம்ப்யூட்டரு எங்க ஓடிப்போகுது?"

"ஆயிருங்கறனல்ல. நீ போ அம்மிணி."

அத்தைக்குக் கணினியின் அருமை தெரியவில்லை என்பது அப்போது என் கருத்து.

ஒருமுறை ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். டயல் டோனுக்குப் பின்னால் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் ஓர் ஒலி. பேசுவதற்கு அது தடையில்லை, மோடத்துக்குத்தான் ஒவ்வாது. சொன்னதும் அப்பா வெளியே போனார். நானும் போனேன். கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் தொலைபேசிக் கம்பி வாசலுக்கு மேலே தொய்ந்து கிடந்தது. பண்டிகைக்காக அத்தை கட்டியிருந்த வேப்பிலைத் தோரணத்தின் ஒரு முனையை, ஆணி கிடைக்காமல், அந்தக் கம்பியிலேயே முடிந்திருந்தார். உச்சிவேளையில் அதன்மேல் தெளித்த மஞ்சள்நீர் இன்னும் சொட்டியது. இலைகளின் பாரத்தில் கம்பியின் பழைய இணைப்பு விலகி, டேப் பிரிந்து, செம்பு வெளியே தெரிந்தது.

அப்பா அண்ணாந்து அதைப் பார்த்தார். கையை உயர்த்தித் தோரணத்தைத் தொட்டார். ஒரு நட்டு தளர்ந்திருந்தால் சோற்றுக் கையோடு எழுந்துபோய் முறுக்குகிறவர் அவர். அந்த மனிதர் கையைத் தாழ்த்திக்கொண்டு, "கம்பி நல்லாத்தான் இருக்குது. போ, மறுக்கா போடு" என்றார்.

அம்மனுக்குக் கட்டிய இலையைப் பண்டிகைக்கு நடுவே அவிழ்க்கக் கூடாது போலும் என்று நான் எனக்குள் விளக்கம் சொல்லிக்கொண்டேன். திரும்பிப் போய்ப் போட்டேன். அறுந்தது. மறுபடியும் போட்டேன். வெயில் தரையிலிருந்து சுவரில் ஏறியது. கோயில் பக்கம் பறை ஒலிக்கத் தொடங்கியது. அப்பா திரையைப் பார்க்கவே இல்லை என்பதை நான் கவனித்தேன். மேசை ஓரத்தில் இருந்த தொலைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் மளிகைக் கடை பாய் வேகமாக உள்ளே வந்தார். தெருமுனையில் அவர் கடையிலும் ஒரு தொலைபேசி உண்டு. அவரைக் கண்டதும் அப்பா நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். எழவில்லை.

"ஏனுங்ணா, ஊட்டு போனுக்கு என்னாச்சுங்க? மத்தியானத்துலருந்து பிசி பிசின்னே வருதுன்னு அக்கா எங்கடைக்குக் கூப்புட்டாங்க. ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுருச்சுங்களாம். தம்பி கண்ணத் தொறந்துட்டாராம். உங்களத்தான் கேட்டாராம்."

அத்தை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். அப்பா, "அப்புடீங்களா பாய்" என்று மட்டும் சொன்னார். பிறகு பாயைப் பார்த்து, "டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார். அதன் பிறகு ஏணியை எடுத்துப்போய்த் தோரணத்தை அவிழ்த்துச் சன்னல் கம்பியில் கட்டி, செம்பை முறுக்கி, டேப்பைச் சுற்றி இறங்கினார். அந்த வேலை முடிய அவருக்கு ஒரு பீடி பிடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

இறங்கியதுமே மணி ஒலித்தது. "நீ எடு சாமி" என்றார் அப்பா. அம்மா எடுத்த எடுப்பிலேயே என்னைத் திட்டினார். நாள் முழுக்க லைனைப் பிடித்துவைத்துக்கொண்டு விளையாடினேனாம். நான் இல்லை, அப்பாதான் என்று சொல்ல வாயெடுத்துத் திரும்பினேன். அப்பா தூணில் நெற்றியை வைத்து நின்றிருந்தார். திட்டு முழுவதையும் நானே கேட்டுக்கொண்டேன்.

அவ்வளவு பாடுபட்டும் மின்னஞ்சலைப் பார்க்க அன்று யாருக்கும் நினைவு வரவில்லை. என் அப்பாவுக்கு இன்டர்நெட் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பள்ளியில் சொல்லிச் சிரித்தேன். நல்ல செய்தியை அரை நாள் வாசலிலேயே நிறுத்திவைத்த மனிதர் என்று வீட்டாரும் பல ஆண்டுகள் அவரைக் கேலி செய்தார்கள். அவர் மறுத்துப் பேசியதில்லை.

தொலைபேசி ஒலிக்காத வரையில் அவருடைய தம்பி உயிரோடு இருந்தார். ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட ஒரு மனிதருக்குக் கூச்சமாக இருக்கக்கூடும். பழுது பார்ப்பதில் கூச்சம் இல்லை. பழுது நீங்கிவிட்டால் வேலை முடிந்துவிடும், வேலை முடிந்தால் லைனை விட்டாக வேண்டும். இவற்றில் ஒன்றுகூட, மோடத்தின் இரைச்சலுக்கு அருகில் தோளோடு தோள் உரச அவருடன் உட்கார்ந்திருந்த எனக்கு அன்று தெரியவில்லை.

சென்ற மாசியில் அப்பா மருத்துவமனையில் இருந்தபோது, ஒரு நாள் காலை சித்தப்பா அங்கிருந்து என் தொலைபேசிக்கு அழைத்தார். நான் முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.