மெம்பிரேனை வெளுத்தேன்
திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் துணி வெளுக்கும் வேலையில் இருந்தேன். அங்கே கழிவுநீரைச் சுத்தம் பண்ணும் ஆர்.ஓ. பிளான்ட்டைப் பார்த்துக்கொண்ட ஃபிட்டர் அண்ணனுக்கு வெளிவேலை ஒன்று வந்தது. பனியன் வாங்க வரும் வெள்ளைக்காரர் ஒருவர் கொச்சியில் பாய்மரப் படகு வைத்திருந்தார். கடல்நீரைக் குடிநீராக்க அதற்குச் சின்னதாக ஓர் ஆர்.ஓ. வேண்டுமாம்.

"ஒத்தாசைக்கு வா கண்ணு. மாட்டப் போறப்ப கொச்சிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

நான் கடலைப் பார்த்ததே இல்லை. "படகுல ஏத்துவீங்களா, கரையில நிக்க வெச்சு டாட்டா காட்டச் சொல்லுவீங்களாண்ணா?"

"வாயக் கொறச்சீன்னா ஏத்தறேன்."

பம்ப், குழாயெல்லாம் பொருத்தியாயிற்று. உப்பைப் பிரிக்கும் மெம்பிரேன் மட்டும் பாக்கி. அந்த நீள உருளை பழுப்பாக இருந்தது. குடிக்கிற தண்ணீர் போகிற சாமானாயிற்றே என்று, அவரிடம் சொல்லாமல், பனியன் துணியைப் போல ஒரு பகல் முழுக்க பிளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டேன்.

மறுநாள் சாயத்துக்குப் போடும் உப்பைக் கரைத்து ஓட்டிப் பார்த்தோம். வெளியே வந்த தண்ணீரை வாயில் விட்டவர், உப்புக் கரிக்கவும் துப்பினார்.

"இதுக்கு என்னடா பண்ணுன?"

"வெளுத்தேனுங்ணா."

"பிளீச்சிங்ல இருக்கற குளோரின் பட்டா இது செத்துப்போயிரும்டா."

அண்ணன் வேறு மெம்பிரேன் வரவழைத்துத் தானே மாட்டினார். கொச்சிக்கு எனக்குப் பதிலாகப் பட்டறை எலக்ட்ரீசியனைக் கூட்டிப் போனார். வேன் கிளம்பும்போது நான் ஈரத்துணியைத் தள்ளுவண்டியில் அள்ளிக்கொண்டிருந்தேன். கத்திக் கேலி பண்ண ஏதாவது வாயில் வரும் என்று நின்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அடுத்த லோடை அள்ளினேன்.