என் வாசலைப் பார்த்த கேமரா

எங்கள் வளவில் ஒரு பைக் திருடு போனது. அதனால் கேமரா வந்தது. அதுவரைக்கும் நியாயம்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை.

வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சந்துக்குள் இருக்கிறது எங்கள் வளவு. ஒரே கேட்டுக்குள் கீழே ஐந்து வீடு, மாடியில் வீட்டுக்காரர் குடும்பம். நடுவில் முற்றம், அதில் எல்லோருக்கும் ஒரு குழாய். கடைசி வீடு என்னுடையது. வாடகைக்குத்தான் இருக்கிறேன், ஆனாலும் பதினாலு வருசம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு வேறு எப்படிச் சொல்வது? வீடென்றால் ஒரு அறை, அதற்குப் பின்னால் அடுப்படி. ஜன்னல் கிடையாது. வெளிச்சம் வாசல் வழியாகத்தான் வரவேண்டும்.

புடவைக்கு ஃபால்ஸ் தைப்பது என் வேலை. கடைத்தெருவில் மிசினில் சர்ரென்று ஒரு ஓட்டு ஓட்டித் தந்துவிடுவார்கள். கைத்தையல்தான் வேண்டும் என்கிறவர்கள் என்னிடம் வருவார்கள். பட்டுப் புடவையில் தையல் வெளியே தெரியக் கூடாது. ஊசி ஒரே ஒரு இழையைத்தான் தூக்க வேண்டும். அதற்குப் பகல் வெளிச்சம் வேண்டும், அதுவும் பக்கவாட்டில் விழவேண்டும். நிலைப்படிக்கு உள்ளே உட்கார்ந்து, ஒரு காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டால் அந்த வெளிச்சம் அப்படியே மடியில் வந்து விழும். என் பிழைப்பு அந்த ஒரு முழ இடத்தில்தான் இருந்தது.

மூணு கேமரா மாட்டினார்கள். கேட்டுக்கு ஒன்று, மாடிப்படிக்கு ஒன்று. அது ரெண்டும் டார்ச் லைட் மாதிரி நீளமாக இருந்தது. மூணாவது மட்டும் கவுத்திப் போட்ட கிண்ணம் மாதிரி உருண்டையாக, கறுப்பாக. அதைக் குழாய்க்கு மேலே மோட்டார் ரூம் சுவரில் மாட்டினார்கள். நேர் எதிரே என் வாசல். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கேமரா என்றால் அதற்குப் பின்னால் ஒரு ஆள் நின்று எடுத்தால்தான் படம் விழும் என்று நினைத்திருந்தேன்.

நான் கூச்சப்படுகிற ஆள். பந்தியில் எதிரே யாராவது நின்றால் எனக்குக் கை இலைக்குப் போகாது. புடவை கொடுக்க வருகிறவர்களிடம்கூட நிலையைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவேன். ஆட்கள் பார்க்க எதையும் செய்ய வராது எனக்கு, சின்ன வயசிலிருந்தே.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் கேட்டுக்குள் வண்டியை நிறுத்திக்கொண்டே சிரித்தார். "என்ன பெரியம்மா, இன்னைக்கு மத்தியானம் வெறும் மோருதானா? சட்டியோட கவுத்தியாச்சு போல."

அவருக்குக் காளவாசலில் டைல்ஸ் கடை. காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார். நான் மோர் குடித்தபோது அவர் அங்கே கடையில் இருந்தார். நான் இங்கே என் வீட்டுக்குள் இருந்தேன். அப்புறம்தான் விளங்கியது, அவர் கையில் இருக்கிற போனில் என் வாசலும், வாசல் வழியாக என் வீடும் தெரிகிறது என்று. யாரோ எதிர்பாராமல் முதுகில் தொட்டமாதிரி இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

அதற்குப் பிறகு பால் வாங்க, தண்ணீர் பிடிக்கத் தவிர அந்தக் கதவைத் திறக்கவே இல்லை. டியூப் லைட் வெளிச்சத்தில் தைத்தேன். டியூப் லைட்டில் மயில் கழுத்து நிறமும் கருநீலமும் எனக்கு ஒன்றுபோலத்தான். நூல் மாறிப் போனது. ஒரு கல்யாணப் புடவையில் தையல் புள்ளி புள்ளியாக வெளியே தெரிந்து, அந்த வீட்டம்மா திருப்பிக் கொண்டுவந்து போட்டார்கள். "கண்ணு போச்சா உங்களுக்கு?" என்று கேட்டார்கள். கண் போகவில்லை, வாசல்தான் போனது என்று நான் அவர்களிடம் எப்படிச் சொல்வேன்?

பக்கத்து வீட்டில் ஆட்டோ ஓட்டுகிறவரின் சம்சாரம் இருக்கிறாள். என்னை அத்தை என்பாள். அவளுக்கு வாய் உண்டு, அதனால் அவளிடம் சொல்லி மாடிக்கு அனுப்பினேன். கேமராவைக் கொஞ்சம் திருப்பி வைக்க முடியுமா என்று. போய்விட்டு வந்தாள். எல்லாம் நம் பாதுகாப்புக்குத்தான் என்றாராம். கிழவியை யாரு பாக்கப் போறா என்றாராம். பார்க்கிறதே அவர்தானே. ஒரு பழைய புடவையை வாசலில் திரையாகக் கட்டிப் பார்த்தேன். மறுநாளே அவிழ்க்கச் சொல்லிவிட்டார், திரைக்குப் பின்னால் திருடன் ஒளிந்துகொள்வானாம். அவிழ்த்தேன்.

ஆயுத பூசை வந்தது. அன்றைக்கும் என் கதவு சாத்தித்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோ ஸ்டாண்டில் பூசை என்று போய்விட்டார்கள். மாடி வீட்டுக்காரர்கள் பூசையை முடித்துவிட்டு லீவுக்கு, போனில் டவர்கூட எடுக்காத அவர்கள் ஊருக்குக் கிளம்பிப் போனார்கள். அடுத்த நாள் பிடித்த மழை நாலு நாள் விடவில்லை. அவர்கள் திரும்பி வந்தபோது, குழாய்க்கு மேல் இருக்கிற கேமராவில் மட்டும் படம் இல்லை. பனி மூட்டம் மாதிரி இருக்கிறதென்று கத்திக்கொண்டிருந்தார் வீட்டுக்காரர்.

கேமரா மாட்டிய மெக்கானிக்கைக் கோரிப்பாளையத்திலிருந்து வரச் சொன்னார். முப்பத்தஞ்சு வயசு இருக்கும் அந்த ஆளுக்கு, நிதானமான ஆள். மாடியில் இருக்கிற ரெக்கார்டு பெட்டியில் வயரை இடம் மாற்றிச் செருகிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். பெட்டியில் கோளாறு இல்லை, கேமராவில்தான் என்று சொல்லி, ஸ்டூலைப் போட்டு ஏறினார். கிண்ணத்தை விரலால் தடவி, அந்த விரலை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"அண்ணே, இதுல என்னமோ பூசியிருக்குண்ணே. மஞ்சளா இருக்கு. மழைச் சாரல்ல இழுவிருச்சு."

வீட்டுக்காரர் ஸ்டூலைப் பார்க்கவில்லை. நேராக என் கதவைத்தான் பார்த்தார். நான் கதவிடுக்கில் நின்றிருந்தேன்.

"மஞ்சளக் கொழைச்சு அப்பியிருக்காக. யாருக்கு இது புடிக்கலைன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். முற்றத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கையை நிறுத்தினார்கள்.

ஆட்டோக்காரர் சம்சாரம் குறுக்கே விழுந்தாள். "அத்தைக்கு முட்டு வலிண்ணே. படியேறவே முடியல, ஸ்டூல்ல எங்கிட்டு ஏறுவாக?"

"ஏறணும்னு என்ன இருக்கு? ஒட்டடைக் கம்புல துணியச் சுத்துனா எட்டாதா?"

எட்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும். உண்மையைச் சொன்னால், அதை நான் நினைத்ததுண்டு. மஞ்சள் இல்லை, சாணி. கம்பைக்கூட எடுத்து மூலையில் சாத்தி வைத்திருந்தேன். நினைப்பதற்கும் செய்வதற்கும் நடுவில் என் கூச்சம் நின்றுகொண்டது, அவ்வளவுதான்.

"புடிக்கலைன்னா வேற வீடு பாத்துக்கங்க பெரியம்மா. இந்தச் சேட்டையெல்லாம் இங்க வேணாம்" என்றார்.

எனக்குக் காது ரெண்டும் சுட்டது. வழக்கமாக இப்படி ஆனால் கதவைச் சாத்திவிட்டு அழுவேன். அன்றைக்குக் கதவைத் திறந்தேன். எத்தனையோ நாளைக்கு அப்புறம் முழுசாகத் திறந்து, முற்றத்துக்கு இறங்கி, ஸ்டூல் மேல் நின்ற ஆளைப் பார்த்துக் கேட்டேன். "தம்பி, இது அன்னன்னைக்கு நடந்தத வச்சிருக்குமா?"

"பதினஞ்சு நாளைக்கு வச்சிருக்கும்மா."

"அப்பப் போட்டுக் காட்டுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

வீட்டுக்காரர் உடனே சரி என்றார். நான்தான் என்பதில் அவருக்கு அம்புட்டு நம்பிக்கை. மெக்கானிக் கிண்ணத்தைத் துணியால் துடைத்துவிட்டு இறங்கினார்.

படிக்கட்டில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து எழுந்து ஏறினேன். பதினாலு வருசத்தில் அந்த மாடிக்குள் அன்றைக்குத்தான் போனேன். பின்னாலேயே வளவுப் பெண்கள் நாலு பேரும் வந்தார்கள். பெரிய டிவி. மெக்கானிக் படத்தைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டே போனார். மூட்டமாக இருந்த நாட்களைத் தாண்டி, ஒருவேளை தேதி தவறிவிட்டதோ என்னவோ, தெளிவாக இருந்த ஒரு நாளில் போய் நின்றது.

என் வீடு. என் கோரைப்பாய், என் டிரங்குப் பெட்டி, சுவரில் இருக்கிற சாமி படம், அதற்கு நான் போட்ட பூ வாடியிருந்ததுகூடத் தெரிந்தது. பால் வாங்கக் கதவைத் திறந்துவைத்திருந்த அந்த நாலு நிமிசம். நான் குனிந்து பாயைச் சுருட்டுகிறேன். இடுப்பைச் சொறிகிறேன். மாராப்பு நழுவுகிறது, பிறகு எடுத்துச் செருகுகிறேன். யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு இருக்கிற என் முகத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. குழாயடியில் இவர்கள் எல்லாரும் பாவாடையை முட்டிக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு துவைக்கிறார்கள். ஆட்டோக்காரர் சம்சாரம் டிவியைப் பார்த்தபடியே, இப்போது நின்ற இடத்தில் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

பிறகு பூசை நாள் வந்தது. வெறும் முற்றம். சாத்திய என் கதவு. கீழேயிருந்து வீட்டுக்காரர் தலை எழும்பி வந்தது, ஸ்டூலில் ஏறியிருக்கிறார். குளித்த தலை, பட்டு வேட்டி, கையில் தட்டு. முகம் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாகிக்கொண்டே வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, ரொம்பப் பக்தியாக, சந்தனத்தில் விரலைத் தோய்த்து நேரே எங்களைப் பார்த்து நீட்டினார். விரல் திரை முழுக்க அடைத்தது. அப்புறம் குங்குமம். அதோடு எல்லாம் மங்கிவிட்டது.

முதலில் சிரித்தது அவர் சம்சாரம்தான். "நாந்தான் சொன்னேன், ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் வச்சுட்டு வாங்கன்னு. கிரைண்டருக்கு வச்சாரு, மோட்டாருக்கு வச்சாரு." சிரித்துச் சிரித்து அந்த அம்மாவுக்கு மூச்சே வரவில்லை.

மெக்கானிக் சிரிக்காமல் சொன்னார். "மத்த ரெண்டுக்கும் முதுகு இருக்குண்ணே, அதுல வச்சா ஒண்ணுமில்ல. இதுக்கு மூஞ்சி பூராவும் கண்ணு."

வீட்டுக்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். சரி பெரியம்மா, தப்பா எடுத்துக்காதீக என்றார். எல்லாரும் கிளம்பத் திரும்பினார்கள். நானும் கிளம்புவேன் என்று நினைத்தார்கள். நான் அந்த டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அதத் திருப்பணும்" என்றேன்.

அதெல்லாம் முடியாது, முற்றம் தெரிய வேண்டும் என்றார். மெக்கானிக் நடுவில் புகுந்து ஒரு வழி சொன்னார். கேமராவைத் தொட வேண்டாம், படத்தில் என் வாசல் இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு கறுப்புக் கட்டம் போட்டு மறைத்துவிடலாமாம். போட்டும் காட்டினார். என் வாசல் இருந்த இடத்தில் கரித்துணி போர்த்தியமாதிரி ஆகிவிட்டது. அழகாகத்தான் இருந்தது. ஒரு நிமிசம் எனக்கு அது போதும் என்றுகூடப் பட்டது.

"இத யாரும் எடுத்துட முடியாதா?" என்று கேட்டேன்.

"பாஸ்வேர்டு தெரிஞ்சவுக எடுக்கலாம்மா."

"அது யாருட்ட இருக்கு?"

அவர் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"அப்ப அது எனக்குப் போட்ட கதவு இல்ல தம்பி. தாப்பா வெளிய இருக்கு."

வாடகை வீட்டில் இருந்துகொண்டு இம்புட்டுப் பேச்சா என்றார் வீட்டுக்காரர். அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன், நிலையைப் பார்த்து இல்லை.

"சுவரு உங்களது தம்பி. அதுக்குள்ள நான் மோரு குடிக்கிறது என்னோடது. சும்மா சந்தேகத்துக்கு என்னைய வெளிய போகச் சொன்னீக. நான் இப்பக் கண்ணால பாத்துட்டுச் சொல்றேன், திருப்புங்க. திருப்புற வரைக்கும் இங்கனதான் உக்காந்திருப்பேன். நான் உக்காந்திருக்கறத நீங்க போன்ல பாக்கவேணாம், நேராவே பாக்கலாம்."

சொல்லி முடித்த பிறகுதான் அதெல்லாம் நான் பேசியதென்று எனக்கே தெரிந்தது. ஆட்டோக்காரர் சம்சாரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மற்ற மூணு பேரும் உட்கார்ந்தார்கள். வீட்டுக்காரர் தன் சம்சாரத்தைப் பார்த்தார். அந்த அம்மாவின் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது.

"திருப்பி விடுங்க. நானுந்தான் அந்தக் குழாயடிக்குப் போறேன்" என்றார்கள்.

அவர் போனை எடுத்துக்கொண்டு உள் ரூமுக்குப் போய்விட்டார். மெக்கானிக் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். திருப்பும்போது டிவியைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றார். நான் பார்க்கிறேன் என்றேன். ஆட்டோக்காரர் சம்சாரத்தை என் வாசலில் போய், நான் உட்காருகிற மாதிரியே உட்காரச் சொன்னேன்.

டிவி முற்றத்துப் பக்க ஜன்னலுக்குக் கிட்டத்தில் இருந்தது. படம் ஆடியது. என் வாசல் மெள்ள மெள்ள ஓரத்துக்கு நகர்ந்தது.

"போதுமாம்மா?" என்று கீழேயிருந்து கேட்டார்.

"பாயி தெரியுது" என்றேன்.

"கேக்கல, சத்தமாச் சொல்லுங்க."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். கேட்டுக்கு வெளியே சந்தில் போகிற காய்கறி வண்டிக்காரர் அண்ணாந்து பார்த்தார், பார்க்கட்டும். "பாயி தெரியுது! இன்னும் திருப்புங்க!"

திருப்பினார். பாய் போனது. குழாயடி போனது. நிலையின் ஒரு பக்கம் மட்டும் நின்றது. இதுக்கு மேல திருப்பினா பாதி முற்றம் போயிரும்மா, அண்ணன் திட்டுவாரு என்றார். திட்டட்டும் என்றேன். மறுபடியும் திருப்பினார். நிலையும் போனது. அவள் மட்டும் இன்னும் படத்தின் ஓரத்தில் கொஞ்சம் மீதி இருந்தாள், வெளியே நீட்டிய கால்.

"இப்ப?" என்றார்.

"காலு தெரியுது."

திரும்பவும் ஒரு திருப்பு.

"இப்பத் தெரியாதும்மா. நான் அளந்துதான் வச்சிருக்கேன்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டிவிக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். ஒரு இழை தூக்கிப் பழகிய கண் இது. ஜன்னலுக்குத் திரும்பி வந்தேன்.

"கட்டைவிரல் தெரியுது தம்பி. திருப்புங்க."

திருப்பினார்.