தராசுத் தட்டில் ஒரு பொட்டு

போன வெள்ளிக்கிழமை காலை தஞ்சாவூர் உழவர் சந்தையில் வெண்டைக்காய் வாங்க நின்றபோது, கடைக்காரம்மாவின் மின்னணுத் தராசின் ஓரத்தில் ஒரு ஒட்டுப் பொட்டைப் பார்த்தேன். அரக்கு நிறம், மிளகளவு. வேர்வையில் நழுவுகிறதென்று நெற்றியிலிருந்து எடுத்து அங்கே ஒட்டி வைத்திருக்கிறார். கண்ணாடியிலும் பீரோ கதவிலும் பொட்டை ஒட்டி வைக்காத பெண் எந்த வீட்டில் இருக்கிறாள்? ஆனாலும் என் கை என்னையும் அறியாமல் தராசுத் தட்டைத் தூக்கி அடியில் பார்த்தது. ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகிறது, பழக்கம் விடவில்லை. பின்னால் நின்ற ஆள், "பெரியவரே, எடுக்கறதுன்னா எடுங்க, பஸ்ஸுக்குப் போகணும்" என்று முனகினார்.

இதே சந்தையில் நான் உதவி வேளாண்மை அலுவலராக இருந்தேன். பெயர்தான் பெரியது; வேலை என்னவோ கரும்பலகையில் அன்றைய விலையை எழுதுவதும், தராசு கொடுத்து வாங்குவதும், அட்டையைப் பார்ப்பதும்தான். அப்போதெல்லாம் இரும்புத் தராசு. காலையில் அலுவலகத்தில் எண் போட்டு எடுத்துக் கொடுப்போம், வியாபாரம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். திரும்பி வரும் ஒவ்வொரு தட்டையும் கவிழ்த்துப் பார்ப்பேன். அடியில் புளியை உருட்டி ஒட்டி எடையைத் தின்கிற கெட்டிக்காரர்கள் எங்கும் உண்டு. அப்படிக் கவிழ்த்தபோதுதான் இருபத்தேழாம் எண் தராசின் அடியில் முதன்முதலாக அந்தப் பொட்டைக் கண்டேன். அது கத்தரிக்காய்க்காரம்மாவின் தராசு. "அரசாங்கத் தராசு என்ன உங்க வீட்டுக் கண்ணாடியா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டேன். அந்த அம்மா நகத்தால் சுரண்டி எடுத்தார். மறுநாளும் பொட்டு அங்கேதான் இருந்தது. நானும் திட்டித் திட்டி அலுத்து விட்டுவிட்டேன்.

அந்த அம்மா திருவையாற்றுக்கு அப்பால் கொள்ளிடக் கரைப் படுகையிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். கூடையின் மேல் ஈரத்துணி, துணிக்கடியில் காம்பு வாடாத கத்தரிக்காய். சந்தைக்குள் அவருக்குக் கைராசிக்காரி என்று பெயர். முதல் போணி அவர் கையால் நடந்தால் பன்னிரண்டு மணிக்குள் கூடை காலியாகும் என்று மற்ற பெண்கள் சத்தியம் செய்வார்கள். காலையில் ஆளாளுக்கு வந்து அவரிடம் நாலு காய் வாங்கிவிட்டுத்தான் தங்கள் கடையை விரிப்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே கொடுப்பார். அதிகம் பேசமாட்டார். மகள் தஞ்சாவூரில் நர்ஸ் படிப்பு படிக்கிறாள் என்பதை மட்டும், யாரும் கேட்காவிட்டாலும், எப்படியாவது பேச்சில் நுழைத்துவிடுவார்.

சந்தையில் உட்கார அடையாள அட்டை வேண்டும். சாகுபடி செய்கிறவர் பெயரில் அட்டை, பக்கத்தில் குடும்பத்தார் படம். அவருடைய அட்டை புருஷன் பெயரில் இருந்தது. வருஷா வருஷம் புதுப்பிக்கும்போது அவர் நேரில் வர வேண்டும் என்போம். இந்த அம்மா, அவருக்கு முடக்குவாதம் சார், படுத்த படுக்கை என்றார். சரி, வயலில் பயிர் நிற்கிறதா என்று பார்த்து எழுதுங்கள் என்று நிர்வாக அலுவலர் என்னை அனுப்பினார்.

மாசிக் கடைசி, மத்தியான வெயில். படுகையில் கத்தரி இடுப்பளவு நின்றது. காய் பறித்துக்கொண்டிருந்த அந்த அம்மா என் வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது, கழுத்திலும் ஒன்றுமில்லை. முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடினார். பிறகு, மூடி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, கையை எடுத்துவிட்டார். "வீட்டுக்கு வாங்க சார்" என்று முன்னால் நடந்தார். ஓட்டு வீடு, ஒரே அறை. சுவரில் சந்தன மாலை போட்ட படம். புருஷன் செத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்தின் முன்னால் நின்று கும்பிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். நிலம் வாய்ப்பேச்சுக் குத்தகை. அட்டையை அந்த அம்மா பெயருக்கு மாற்ற வேண்டுமானால் நிலத்துக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பக்கத்தில் எந்த மிராசுதார் அதைச் செய்வார்? காகிதத்தில் குத்தகைதாரர் என்று ஏறிவிட்டால் பிறகு அசைக்க முடியாது என்று அவர்களுக்குப் பயம். புருஷனுக்கு ஏதோ ஒரு காலத்தில் போட்ட கையெழுத்து. பெண்டாட்டிக்குப் போட மாட்டேன், உன் பாட்டுக்கு உழுது சாப்பிடு என்று சொல்லிவிட்டார். அட்டை இல்லையென்றால் கமிஷன் மண்டிக்குத்தான் காயைக் கொண்டுபோக வேண்டும், அங்கே கொடுக்கிற விலைக்கு மகள் படிப்பு நடக்காது. அதனால் உயிரோடு இருக்கிற புருஷனின் பெண்டாட்டியாகச் சந்தைக்கு வந்துகொண்டிருந்தார். திருவையாற்றுப் பஸ் நிலையத்தில் மஞ்சள் கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொள்வார், திரும்பும்போது கழற்றிச் சுருக்குப் பையில் வைத்துக்கொள்வார். பொட்டை மட்டும் ஊருக்குள் கொண்டுபோக மனம் வரவில்லையாம். புருஷன் போன வீட்டுக்குள் அதை எடுத்துக்கொண்டு எப்படிப் போவது என்றார். ஆகவே திருப்பிக் கொடுக்கும்போது தராசுக்கு அடியில் ஒட்டிவிட்டு, மறுநாள் காலையில் எடுத்து வைத்துக்கொள்வார். நான் பத்துப் பேர் முன்னால் கேட்டது அப்போது என் காதிலேயே ஒலித்தது.

"இன்னும் ஒன்றரை வருஷம் சார். பொண்ணு படிப்ப முடிச்சுட்டா நானே அட்டையைக் கொண்டாந்து கொடுத்துடறேன்" என்றார். அழவில்லை. நான் பயிர் உள்ளது என்று எழுதினேன். ஆள் இல்லை என்று எழுதவில்லை. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். ஏதோ பெரிய தர்மவான் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு எண்ணம். மனைவியிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

ஆடிப் பதினெட்டு வந்தது. சந்தைப் பெண்களுக்கு அன்றைக்கு ஆற்றங்கரைக்குப் போக நேரமிருக்காது. அதனால் யாராவது ஒரு குடம் காவிரித் தண்ணீர் கொண்டுவந்து புங்கமரத்தடியில் வைப்பார்கள். காதோலை கருகமணி, மஞ்சள், பழம் வைத்துக் கும்பிட்டு, ஒருவருக்கொருவர் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். முந்தைய வருஷம் கத்தரிக்காய்க்காரம்மா காய்ச்சல் என்று அன்றைக்கு வரவில்லை. இந்த வருஷமும் அப்படிச் சொல்லியிருக்கலாம். மகளுக்கு மறுநாள் ஏதோ பணம் கட்ட வேண்டியிருந்ததால் வந்துவிட்டார் என்று பிற்பாடு தெரிந்தது.

வெண்டைக்காய் கொண்டுவரும் பெண் ஒருத்தி, கல்யாணமாகி இரண்டு மாசம்தான். புருஷன் முந்தின வாரம் துபாய்க்கு விமானம் ஏறியிருந்தான். அந்தப் பெண் கயிற்றை எடுத்துக்கொண்டு நேராகக் கத்தரிக்காய்க் கடைக்கு வந்து, "அக்கா, உங்க ராசியான கையால கட்டிவிடுங்க. அவரு நல்லபடியாத் திரும்பி வரணும்" என்று கழுத்தை நீட்டினாள். சுற்றி இருந்தவர்கள், ஆமாம் ஆமாம், அக்காதான் கட்டணும் என்றார்கள்.

நான் அலுவலக வாசலில் நின்றேன். பக்கத்தில் நிர்வாக அலுவலர். அந்த அம்மா கயிற்றைக் கையில் வாங்கிவிட்டார். வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். "இருபத்தேழாம் நம்பர், தராசைக் கொண்டாங்க, சோதிக்கணும்" என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால் போதும். எத்தனை நாள் அநியாயமாக அதட்டியிருக்கிறேன்! தேவைப்பட்ட அன்றைக்கு என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? அவரைக் கூப்பிட்டால், ஏன் கூப்பிட்டாய் என்று பக்கத்தில் நிற்பவர் கேட்பாரோ, நான் எழுதிக் கொடுத்த அறிக்கை வெளியே வருமோ என்று பயம். திரும்பி, கரும்பலகையில் கத்தரிக்காய் விலையைத் துணியால் அழித்து அதே விலையை மறுபடி எழுதினேன்.

முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது. "எனக்கு அவரு இல்லம்மா. போயி ரெண்டு வருஷமாகப் போவுது. நீ புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும். வேற யாரையாச்சும் கட்டச் சொல்லு."

திரும்பிப் பார்த்தபோது கயிற்றை அந்தப் பெண்ணின் கையில் வைத்துவிட்டுப் பொட்டைப் பிய்த்துத் தராசுத் தட்டில் ஒட்டிக்கொண்டிருந்தார். அடியில் இல்லை, எல்லாரும் பார்க்கிற மாதிரி மேலே. யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால்கூடத் தேவலை. காலையில் அவரிடம் போணி வாங்கிய இரண்டு பெண்கள் அந்தக் காயைத் தங்கள் கூடையிலிருந்து எடுத்துத் தனியே வைத்தார்கள்.

நிர்வாக அலுவலர் அட்டையைக் கேட்டார். அந்த அம்மா எடுத்துக் கொடுத்தார். அலுவலர் என் பக்கம் திரும்பி, "நீங்க போய்ப் பார்த்தீங்களே, வீட்டுல ஆள் இருந்தாரா இல்லையா?" என்றார். அந்த அம்மா மூன்றடி தள்ளி நிற்கிறார்.

"வீட்டுக்குப் போகலை சார். வயலை மட்டும்தான் பார்த்தேன்" என்றேன்.

அந்த அம்மா குனிந்து ஈரத்துணியை உதறி மடித்தார். இருபத்தேழாம் தராசைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். தட்டில் பொட்டு இருந்தது. அட்டை ரத்தானது, என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு சில நாள் சந்தைக்கு வெளியே நடைபாதையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். நான் வேறு வாசல் வழியாக வர ஆரம்பித்தேன். வீட்டில் மனைவி நடந்ததைக் கேட்டுவிட்டு, "ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம்ல?" என்றாள். அதோடு சரி. அந்தக் கேள்வியை அவள் மறுபடி கேட்கவே இல்லை.

அன்று கழுத்தை நீட்டிய பெண்தான் இன்றைய வெண்டைக்காய்க்காரம்மா. புருஷன் நல்லபடியாகத் திரும்பி வந்தார், இரண்டு பையன்கள். எத்தனையோ வருஷமாக வாரம் தவறாமல் அவரிடம்தான் வாங்குகிறேன். அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. அவருக்கு மறந்திருக்கும் என்று நானாக ஒரு நினைப்பில் இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை நான் தட்டைத் தூக்கிப் பார்த்ததை அவர் கவனித்தார். பின்னால் நின்றவருக்குக் காயைப் போட்டு அனுப்பிவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார். கத்தரிக்காய் அக்கா போன தையில் இறந்துவிட்டாராம். மகள் படிப்பைப் பாதியில் விட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனவள், இன்னும் அங்கேதான் இருக்கிறாளாம். இவர் சாவுக்குப் போய்வந்திருக்கிறார்.

"அக்கா உங்கள ஒரு நாளும் குறையாச் சொன்னதில்ல சார். எங்க வீட்டுக்கு வந்து, செருப்பக் கழட்டிட்டு, அவரு படத்துக்கு முன்னால நின்னு கும்பிட்டுட்டுப் போன ஒரே ஆபீசரு அவருதான்னு சொல்லும்."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இருபது வருஷமாக இவருக்குத் தெரியும். நான் எங்கே போனேன், எங்கே போகவில்லை என்று சொன்னேன், எல்லாம் தெரியும். தெரிந்தே வாரா வாரம், வாங்க சார் என்று கூப்பிட்டு முற்றாத காயாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டிருக்கிறார்.

வெண்டைக்காயைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டுத் தராசோரத்துப் பொட்டை எடுத்து, முந்தானையால் நெற்றியைத் துடைத்து, ஒட்டிக்கொண்டார்.