கன்னத்தில வைச்ச கை

யுத்தம் முடிஞ்ச அந்த மே மாசம், வன்னிக்குள்ள அகப்பட்டிருந்த என்ர தம்பியிட்ட இருந்தது என்ர மனுசன்ர போன் நம்பர் மட்டும்தான். அதால இவர் வேலைக்குப் போகேக்க போனை என்னட்டத் தந்திட்டுப் போவார். சமைக்கேக்கையும் அது என்ர கைக்குள்ளதான்.

இவரிட்ட ஒரு கெட்ட பழக்கம். கவலை வந்தால் கன்னத்தில கை வைச்சிடுவார். “எடுங்கோ கையை, வீட்டுக்கு ஆகாது” எண்டு தட்டிவிட்டே என்ர பாதி ஆயுசு போச்சு. இஞ்ச டென்மார்க்கில, ஹேர்னிங்கில இருந்து பிராண்டேக்கு ஒருநாள் வேலைக்குப் போகேக்கையும் ஒரு கை ஸ்டியரிங்கில, மற்றக் கை கன்னத்தில. பக்கத்தால வந்த பொலிஸ்காரர் மறிச்சு, போன் கதைச்சுக்கொண்டு ஓடினதாக எழுதிப்போட்டார். போனே இல்லை எண்டு இவர் சொன்னதை அவர் நம்பேல்லை. வேகமா ஓடி லைசென்ஸில ஏற்கெனவே ரெண்டு கிளிப், அதுதான் குற்றப்புள்ளி, வாங்கின மனுசன். மூண்டாவதும் விழுந்தால் திரும்ப லைசென்ஸ் சோதினை. முதல்தரம் பாஸ் பண்ணவே நாய் படாத பாடு பட்டவர். தவறினால் லைசென்ஸும் இல்லை, விடியக்காலமை வேலைக்குப் போக பஸ்ஸும் இல்லை.

“கோடு கச்சேரி எண்டு எங்களுக்கேன் வீண் சோலி? ஓம் எண்டிட்டு விடுவம்” எண்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

“செய்யாத பிழைக்கு என்னத்துக்கு ஓம் எண்டுறது? நான் வந்து சொல்லுறன்.”

வாய்தான் துணிஞ்சு சொன்னது. சீருடைக்காரர் சொன்னதை மறுத்துச் சொன்னவை வீடு திரும்பினதை நான் ஊரில கண்டதில்லை.

வழக்கு வந்தது குளிர் தொடங்கினாப் பிறகு. அதுக்கிடையில தம்பி உயிரோட முகாமில இருக்கிறான் எண்டு தெரிஞ்சிட்டுது. அவனை ஏன் முள்ளுக்கம்பிக்குள்ள வைச்சிருக்கினம் எண்டு கேக்க ஒரு கோடும் நீதவானும் இல்லை. இஞ்ச ஒரு போனுக்காக நீதவான், வழக்கறிஞர், குடிக்கத் தண்ணி. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்டாய் வந்தது.

முதல்ல பொலிஸ்காரர் தான் கண்டதைச் சொன்னார். பிறகு நான், எனக்குத் தெரிஞ்ச டெனிஷில, போன் அண்டைக்கு என்ர கையில இருந்தது எண்டு சொன்னன்.

“அப்ப அவற்ற கை காதில என்ன செய்தது?” எண்டு நீதவான் அம்மா கேட்டா.

“காதில இல்லை, கன்னத்தில. கவலை வந்தால் எங்கட ஆக்கள் அப்பிடித்தான் இருக்கிறது.”

அரச தரப்பு வழக்கறிஞர் லேசாச் சிரிச்ச மாதிரி இருந்தது. நான் போய்ப் பின்வாங்கில இருந்தன். அந்த வழக்கறிஞர் எழும்பி லைசென்ஸைப் பற்றிக் கதைக்கத் தொடங்க, இவற்ற கை மெல்ல மெல்ல மேல போச்சு. தட்டிவிடுவம் எண்டால் எனக்கு எட்டாது. பல்லைக் கடிச்சுக்கொண்டிருந்தன்.

பொலிஸ்காரர் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானாய் எழும்பி, ஒண்டு சொல்லலாமோ எண்டு கேட்டார்.

“அண்டைக்கும் இப்பிடித்தான் இருந்தவர். நான் போனைக் காணேல்லை, கையைத்தான் கண்டனான்.”

இவரை விட்டிட்டினம். திரும்பி வரேக்க இவர்தான் கார் ஓடினார், ரெண்டு கையாலயும்.

அடுத்த முறை முகாமில இருந்து தம்பி எடுக்கேக்க இதைத்தான் சொன்னன்.

“உண்மையாவோ அக்கா? பொலிஸ்காரரே தான் பிழை எண்டு சொன்னவரோ?”

“ஓமடா.”

அவன் நம்பாமல் திரும்பவும் கேட்டான். நான் திரும்பவும் ஓம் எண்டன். அதுக்குப் பிறகுதான் சிரிச்சான்.