ஆய்வு அனுபவம்: இல்லை

பதினாறு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவருக்கு நாற்பது வயதுக்கு மேல் முனைவர் பட்டத்தின் மீது ஆசை வந்தது. சாதாரண ஆசை இல்லை, சோறு தொண்டையில் இறங்க விடாத ஆசை. தெருவில் அவரைப் பட்டாளத்தார் என்பார்கள். ஆனால் துப்பாக்கியைவிட அவர் அதிகம் தூக்கியது சோதனைக் குழாயைத்தான். மலை முகாமில் குடிநீரைச் சோதிப்பது அவர் வேலை. தினமும் ஊற்றுநீரைப் பிடித்து, உப்பு எவ்வளவு, கலங்கல் எவ்வளவு என்று பதிவேட்டில் எழுதுவார். வருடத்தில் ஒன்பது நாள் மட்டும் அந்த ஊற்று கசக்கும். காரணம் தெரிவதற்குள் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

தபாலில் முதுகலை படித்து முடித்தார். இரண்டு பல்கலைக்கழகங்கள் கையை விரித்தன. மூன்றாவது நேர்காணலுக்குக் கூப்பிட்டது.

"ஆய்வு அனுபவம்ங்கிற இடத்துல 'இல்லை'ன்னு போட்டிருக்கீங்க. இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டார் பேராசிரியை.

அவர் ஊற்றின் கதையைச் சொன்னார். பேராசிரியை பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இதை ஏன் எழுதலை?"

"அது டியூட்டிங்க மேடம். பதிவேட்டையும் ஒப்படைச்சுட்டேன். கையில ஆதாரம் இல்லாததை எழுதினா எங்க அதிகாரி தோலை உரிச்சிடுவார்."

பேராசிரியைக்குச் சிரிப்பு வந்தது. "சரி, அது ஏன் கசக்குது?"

"தெரியலைங்க. அதுக்குத்தான் வந்தேன்."

"எனக்கும் தெரியலை," என்றவர் பெருமூச்சு விட்டார். "படிவத்தைப் பார்த்து அனுபவத்துக்குப் பூஜ்யம் போட்டாச்சு. இனி மாத்த முடியாது. அடுத்த வருஷம் ஒழுங்கா எழுதிட்டு வாங்க."

திரும்பும் வழியில் ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் கதவருகே அவர் கால் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கை பரபரத்தது. அந்த இடத்தில் நிற்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தார். மனைவி எட்டிப் பார்த்தாள். வருடவாரியாக, அந்த ஒன்பது நாள் கணக்கு மட்டும் பக்கம் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"கடைக்குப் போனா நாலு சாமான்ல ரெண்டை மறக்கிற ஆளு. பதிவேட்டைத்தான் பட்டாளத்துலயே குடுத்துட்டீங்களே?"

"பதிவேட்டை மட்டும்தானே கேட்டாங்க," என்றார் அவர், தலை நிமிராமல்.