ஓவனில் வைத்த பிரேக்

எனக்குப் பிறவியிலேயே பயம் கூடுதல். என் மனைவிக்கு அது என்னவென்றே தெரியாது. இல்லாவிட்டால் என்னைவிட வயது கூடிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து மோர்னிங்சைட்டில் இருக்கும் எங்கள் வீட்டு கராஜில் நிறுத்துவாளா?

அதன் முன் பிரேக்கில், ஷூ என்கிற இரும்புப் பிறையில் ஒட்டியிருக்கும் லைனிங் தேய்ந்து இரும்பு தெரிந்தது. அந்த மொடலுக்குப் புது ஷூ எங்கும் கிடைக்கவில்லை. பழைய ஷூவிலேயே புது லைனிங் ஒட்டித் தருகிறேன் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும், தூசி நெஞ்சுக்குள் போனால் ஆளையே தின்றுவிடும் என்று வாசித்திருந்ததால், முகமூடி போட்டு, தண்ணீரில் நனைத்து நனைத்துச் சுரண்டினேன். பசை பூசி, புது லைனிங்கை வைத்து கிளாம்ப் போட்டு இறுக்கினேன். அந்தப் பசை சூட்டில் வெந்தால்தான் பிடிக்கும்.

எங்கள் வீட்டில் ஓவன் என்பது தாச்சிகளும் தட்டங்களும் அடுக்குகிற அலுமாரி. அவற்றை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு ஷூக்களை உள்ளே வைத்தேன். நேரம் முடிந்ததும் தானாக நிற்கும்படி திருகிவிட்டு வெக்ஸ்போர்ட் பக்கக் கடைகளுக்குச் சாமான் வாங்கப் போனேன். திரும்பி வரும்போது ஓவன் நின்று ஆறிப்போயிருந்தது. மறுநாள் பூட்டி, தெருவில் மெல்ல ஓட்டிப் பார்த்தேன். பிரேக் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் புறப்பட்டாள். அவள் போன கையோடு, எங்களோடு இருக்கும் மாமி தாச்சியைத் தேடி ஓவனைத் திறந்தார்.

"தம்பி, அண்டைக்கு ஆரோ இதைப் போட்டுட்டு மறந்துபோட்டியள். நல்ல காலம், நீங்கள் கடைக்கு வெளிக்கிட்ட உடனையே நான் கண்டு நிப்பாட்டினன். இல்லாட்டி வீடு பத்தியிருக்கும்."

பசை வேகவே இல்லை. பிரேக் குளிர்ந்திருக்கும்போது பிடிக்கும், ஆற்றுப் பக்கம் இறங்கும் நீண்ட சரிவில் அழுத்திப் பிடித்தால் சில்லுக்குள் இருக்கும் டிரம் சூடேறும், பசை இளகும். லைனிங் கழன்று இடையில் செருகினால் முன் சில்லு அப்படியே இறுகி நிற்கும். அவள் தூக்கி எறியப்படுவாள்.

அவளுக்குப் போன் அடித்தேன். அவளுடைய போன் சமையலறை மேசையில் அடித்தது.

காரை எடுத்தேன். சரிவில் இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் அவள் விழுந்து கிடப்பதைப் பார்த்தேன். கிட்டப் போனால் வெறும் தெருவாக இருந்தது. கும்பிடாத தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். எங்கோ அம்புலன்ஸ் கத்திக்கொண்டு போனது. அது அவளுக்குத்தான் என்று நினைத்து வாய்விட்டு அழுதேன்.

அடிவாரத்தில், சிவப்பு விளக்கில், ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி அவள் நின்றாள். ஹோர்ன் அடித்து ஓரத்துக்கு வரவைத்தேன்.

"என்னப்பா, முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு?"

"முன் பிரேக்கைப் பிடிச்சனீரோ?"

"இல்லையே. கியரைக் குறைச்சு, பின் பிரேக்கோடை மெல்ல இறங்கினன். முன் பிரேக் நீங்கள் செய்தது எண்டு தெரியும்தானே." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த நிலையிலும் எனக்குச் சுருக்கென்றது. என்றாலும் பசை வேகவில்லை என்று சொல்லி அவளைக் காரில் ஏற்றினேன். மோட்டார் சைக்கிளை வாடகை வான் ஒன்றில் ஏற்றுவித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

கராஜில் வைத்து முன் சில்லைக் கழற்றினேன். பக்கத்தில் நின்று அவள் இன்னும் என்னைப் பகிடி பண்ணிக்கொண்டிருந்தாள். ஷூவின் ஓரத்தில் நகத்தை விட்டேன். லைனிங் முழுசாகக் கையோடு வந்தது.

அதை அவளிடம் நீட்டினேன். சிரிப்பு நின்றது. வாங்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். பிறகு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவளுடைய கை நடுங்கி அன்றுதான் கண்டேன்.